முதுமலையின் மார்ச் தீ டிசம்பரிலேயே முடிவாகிறது

முதுமலைப் புலிகள் காப்பகத்தில் தீக்காலம் என்றால் பிப்ரவரி தொடங்கி, கோடைமழை இறங்கும் ஏப்ரல் வரை. நாளிதழ்களில் படம் வருவதும் அப்போதுதான். ஆனால் ஒரு பீட்டில், அதாவது ஒரு வனக்காவலர் பொறுப்பிலுள்ள காட்டுப்பகுதியில், மார்ச் மாதம் விழும் தீ 2 ஹெக்டேரோடு நிற்குமா, 200 ஹெக்டேரைத் தின்னுமா என்பது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் அங்கே நடந்த வேலையைப் பொறுத்தது. புல்லை எந்த வாரத்தில் வெட்டினார்கள், வெட்டியதை எந்த நேரத்தில் எரித்தார்கள், அதன்மேல் பிறகு உதிர்ந்த இலையைக் கூட்டித்தள்ள ஆள் போட்டார்களா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தீ எவ்வளவு பரவும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதுமலை நீலகிரியின் வடக்குச் சரிவுக்குக் கீழே கிடக்கும் மேட்டுநிலம். 1940-ல் சரணாலயம் ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம். மையப்பகுதி 321 சதுர கிலோமீட்டர், வெளிவட்டத்தையும் சேர்த்தால் சுமார் 688. வடக்கே மோயாற்றைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. மேற்கு ஓரம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து ஈர இலையுதிர் காடாக நிற்கிறது. கிழக்கே மசினகுடி, சீகூர் பக்கம் போகப்போக மழை குறைந்து முட்காடாகிவிடுகிறது. நடுவில் தேக்கு, வெக்காலி, கருமருது நிற்கும் உலர் இலையுதிர் காடு. தீ அதிகம் விழுவது இந்த நடுப்பகுதியில்தான். முட்காட்டில் புல் தொடர்ச்சியாக இல்லை, எரிய அதிகம் கிடைக்காது. ஈரக்காட்டில் எரிய நிறைய உண்டு, காய நாள் போதாது. நடுக்காட்டில் மட்டும் ஆளுயரப் புல்லை வளர்க்கும் அளவுக்கு மழையும் உண்டு, அதை முறுகக் காயவைக்கும் அளவுக்கு வெயிலும் உண்டு. அதனால்தான் மழை நன்றாகப் பெய்த ஆண்டைத் தொடர்ந்து வரும் கோடை வறண்டுபோனால் வனப்பணியாளர்கள் கவலைப்படுகிறார்கள். வறட்சிக்கு அடுத்த வறட்சியில் எரியப் புல்லே இருக்காது.

இங்கே எரிவது தரைத்தீ. வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதுபோல மர உச்சிக்கு உச்சி தாவும் தீ அல்ல. புல்லும் சருகும் எரியும்போது தீநாக்கு பெரும்பாலும் இடுப்புக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரம்தான். தடித்த பட்டை கொண்ட பெரிய மரங்கள் அடியில் கருகினாலும் பிழைத்துக்கொள்ளும். இளங்கன்றுகள் தரைக்கு மேலே செத்து, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒரு கன்று மரமாக வேண்டுமானால், அடுத்த தீ வருவதற்குள் தீநாக்குக்கு மேலே தலையைத் தூக்கிவிட வேண்டும். அதற்குச் சில ஆண்டு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிதான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 1989 முதல் 2002 வரையிலான முதுமலைத் தீ வரைபடங்களையும் 1909–1921 காலப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வின்படி, அன்று ஓரிடத்தில் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை விழுந்த தீ, பிற்காலத்தில் சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறை விழுந்திருக்கிறது. பெரிய மரங்கள் நிற்பதால் பார்ப்பவருக்குக் காடு நன்றாகத்தான் தெரியும். அடுத்த தலைமுறை மரங்கள் மட்டும் கீழே இருக்காது.

வைப்பது யார்?

மூங்கில் உரசித் தீப்பிடித்தது, கல் உருண்டு பொறி பறந்தது என்ற கதைகளை இன்னும் பலர் நம்புகிறார்கள். இந்தக் காடுகளில் அப்படித் தொடங்கும் தீயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மின்னலும் இங்கே பெரும்பாலும் ஏப்ரல், மே மழையோடு சேர்ந்தே வருகிறது. பிப்ரவரித் தீக்கு ஏறக்குறைய எப்போதும் மனிதக் கைதான் காரணம்: நெடுஞ்சாலையில் போகும் வண்டியிலிருந்து எறிந்த பீடி, ஓரத்தில் நிறுத்திச் சமைத்தவர் விட்டுப்போன அடுப்பு, காட்டோர நிலத்தில் கழிவை எரித்தது கைமீறியது, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்தது. மான்கள் உதிர்த்த கொம்பைப் பொறுக்குவதற்காக வைப்பதும் உண்டு. தரை எரிந்து கருத்துவிட்டால் கொம்பு கண்ணுக்கு எளிதில் படும். வனத்துறையோடு தகராறு இருப்பவர் வைக்கும் தீயும் இதில் சேர்த்தி.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும், மூட்டிய தீயை அணைக்காமல் விடுவதையும் தடை செய்கிறது. 27-வது பிரிவு, உள்ளே குடியிருப்பவர் தனக்குத் தெரியவரும் தீயை அணைக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆனால் தீ வைத்தவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது அரிது. கைக்கு எட்டுவது, அந்தக் கை வைக்கும் தீ எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை முன்கூட்டியே குறுக்கி வைப்பதுதான்.

கோடு போடும் வேலை

தீத்தடுப்புக் கோடு, களப்பணியாளர் பேச்சில் ஃபயர் லைன், என்பது எரியக்கூடிய எதுவும் இல்லாத ஒரு நீண்ட பட்டை. வரைபடத்தில் பார்க்க எளிது. தரையில் அதைச் செய்யும் முறை இது.

மழை நின்று, புல் நுனி மஞ்சளாகி அடி இன்னும் பச்சையாக இருக்கும் நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் வேலை தொடங்குகிறது. அகலமான கோட்டை முழுவதும் வெட்டிக் கூட்ட ஆளும் பணமும் கட்டாது. அதனால் இரண்டு ஓரத்தில் மட்டும் 2 முதல் 3 மீட்டர் அகலத்துக்குப் புல்லை அடியோடு வெட்டி, வெட்டிய புல்லை உள்பக்கமாக, அதாவது நடுப்பட்டையின் மேல் வாரிப் போடுகிறார்கள். வெளிப்பக்கம் போட்டால் காப்பாற்ற வேண்டிய காட்டின் விளிம்பிலேயே விறகு அடுக்கியதாகிவிடும். இது சின்ன விஷயமாகத் தெரியும். கோடு தோற்பதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. சில வாரம் காயவிட்டு, இரண்டு ஓரத்துக்கும் இடைப்பட்ட பட்டையை எரிக்க வேண்டும்.

எரிக்கும் நேரம் மாலை, 4 மணிக்குப் பிறகு. காலையில் காற்று அடங்கியிருக்கிறதே என்று சிலர் அப்போது பற்றவைப்பார்கள். காலைத் தீ நேரம் ஆக ஆக வலுக்கும்: 10 மணிக்குள் பனி உலர்ந்து, 11 மணிக்குக் காற்று எழுந்து, நண்பகலில் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். மாலைத் தீயோ நேரம் ஆக ஆகத் தளரும். தப்பிப்போன பொறியையும் இரவுப்பனி அமுக்கிவிடும். சரிவான இடத்தில் மேல் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி, காற்றுக்கு எதிராக எரிக்க வேண்டும். பக்கத்துக் காட்டுச் சருகைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். வளைந்தால் எரிக்கலாம், படபடவென்று நொறுங்கினால் அன்றைக்கு வேண்டாம், நாள் தாண்டிவிட்டது.

அகலம் எவ்வளவு? கையால் வெட்டும் கோட்டுக்கு, பக்கத்தில் நிற்கும் எரிபொருளின் உயரத்தைப்போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு என்பது பொதுக்கணக்கு. 2 மீட்டர் புல்லுக்கு 3 மீட்டர் போதும். சரிவும் காற்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு நிற்காது; நெடுஞ்சாலை ஓரத்திலும் மாநில எல்லையிலும் அதனால்தான் பல மடங்கு அகலமாகப் போடுகிறார்கள்.

இனி, கோடு ஏன் தோற்கிறது என்பது. முதல் காரணம் தேக்கு. ஜனவரி முதல் வாரத்தில் சுத்தமாக எரித்த கோட்டின்மேல் பிப்ரவரி முழுக்கத் தேக்கும் மற்ற மரங்களும் இலையைக் கொட்டுகின்றன. மார்ச்சில் போய்ப் பார்த்தால் கோடு இருந்த இடம் கணுக்கால் ஆழச் சருகாகக் கிடக்கும். பதிவேட்டில் கோடு முடிந்ததாக இருக்கும், தரையில் இருக்காது. பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறையாவது மறுபடி கூட்டினால்தான் டிசம்பரில் செலவழித்த பணத்துக்குப் பலன். காற்றூதிக் கருவி, அதாவது ப்ளோயர், வந்தபிறகு இந்த வேலை எளிதாகியிருக்கிறது; பலர் கூட்டுமாறால் செய்வதை முதுகில் இயந்திரம் மாட்டிய ஒருவர் செய்துவிடுகிறார். ஆனால் அது சருகை மட்டுமே தள்ளும், நிற்கும் புல்லை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது காரணம் விழுந்த மரம். கோட்டுக்குக் குறுக்கே ஒரு காய்ந்த கட்டை கிடந்தால் தீ அதைப் பாலமாக்கிக்கொண்டு மெல்லப் புகைந்து, இரவோடு இரவாக அந்தப் பக்கம் போய்விடும். அறுத்து அகற்றியாக வேண்டும். யானை நடமாடும் காட்டில் இன்னொன்றும் உண்டு: காய்ந்த யானைச் சாணம். நாராலான உருண்டை, பற்றிக்கொண்டால் சுடர் இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். கோட்டின்மேல் கிடக்கும் சாணத்தையும் வாரி அகற்ற வேண்டும் என்பது புதிதாக வந்தவருக்குத் தோன்றாது.

மூன்றாவது காரணம் காட்டில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது. புல் வெட்டும் பணம் ஜனவரி கடைசியில் வந்தால், காய்ந்த புல்லைக் காய்ந்த காட்டுக்கு நடுவில் எரிக்க வேண்டிவரும். அப்படி எரிப்பதைவிடச் சும்மா இருப்பது மேல்.

உண்ணிச்செடி செய்த மாற்றம்

மேலே சொன்ன கணக்கெல்லாம் புல்லுக்கும் சருகுக்கும். உண்ணிச்செடி புகுந்த இடத்தில் கணக்கே வேறு. லாண்டனா என்ற இந்தத் தென்னமெரிக்கச் செடி 19-ஆம் நூற்றாண்டில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை, பந்திப்பூர் இரண்டின் அடிக்காட்டிலும் பெரும்பரப்பைப் பிடித்திருக்கிறது. இரண்டு, மூன்று மீட்டர் உயரப் புதராக வளர்ந்து, மரத்தில் தொற்றி மேலும் ஏறும். கோடையில் இலை உதிர்ந்து மெல்லிய குச்சிகளின் பின்னலாக நிற்கும்போது, காற்று உள்ளே புகுந்து வெளியேற இடமிருக்கும். தீக்கு அதைவிட வாகான அடுக்கு கிடையாது. தரையில் ஓடவேண்டிய தீ அதில் ஏறி மரக்கிளையைத் தொடுகிறது, அதிக நேரம் நின்று எரிகிறது. பட்டை தடித்த மரமும் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. அணைக்கப் போகிறவர் அந்தப் புதருக்குள் நுழையவும் முடியாது.

2019 பிப்ரவரி 21 முதல் 25 வரை பந்திப்பூர் எரிந்தபோது சுமார் 4,400 ஹெக்டேர் கருகியதாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. காய்ந்த உண்ணிப்புதர், பலத்த காற்று, கோடைமழை இல்லாத பிப்ரவரி மூன்றும் ஒன்றுகூடிய தீ அது. கடைசியில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை வரவழைத்தார்கள்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர் இதற்கு வேறொரு விளக்கம் தருகிறார்கள். தாங்கள் முன்பு ஆண்டுத் தொடக்கத்திலேயே சருகுக்கு வைத்துவந்த சிறுதீதான் உண்ணியின் நாற்றை அழித்துவந்தது. 1974-ல் சரணாலயம் ஆகி அது தடுக்கப்பட்டபிறகே உண்ணி காடெங்கும் ஏறிவிட்டது என்பது அவர்கள் சொல்வது. அதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுதீயை இன்றைய புதருக்குள் அப்படியே வைத்தால் அது சிறுதீயாக இருக்காது. முதலில் உண்ணியை எடுக்க வேண்டும், தீயைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

தீ விழுந்துவிட்டால்

இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழித் தீ எச்சரிக்கை தருகிறது. முதலில் மோடிஸ் கருவி, அதன் படத்தில் ஒரு புள்ளி தரையில் 1 கிலோமீட்டர். 2017-லிருந்து விர்ஸ், ஒரு புள்ளி 375 மீட்டர். குறுஞ்செய்தியில் இடக்குறிப்பு வந்துவிடும். ஆனால் விர்ஸ் தாங்கிய செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே வருவது பிற்பகல் 1:30, பின்னிரவு 1:30-ஐ ஒட்டி. மாலை 3 மணிக்கு வைத்த தீ அடுத்த சுற்று வரை அதன் கண்ணில் படாது. மர நிழலுக்குக் கீழே சன்னமாக ஓடும் சருகுத்தீயும் தப்பிவிடும். எனவே மேடான இடத்தில் காவல் கோபுரமும், அதில் வாக்கிடாக்கியோடு ஒரு ஆளும் இன்னும் தேவை. பிப்ரவரி முதல் தற்காலிகமாகச் சேர்க்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடிகளைச் சேர்ந்தவர்கள். எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது, யானை எந்தப் பக்கம் விலகும் என்று வரைபடமில்லாமல் தெரிந்தவர்கள்.

தண்ணீர் வண்டி சாலையோரத்துக்குத்தான் உதவும். காட்டுக்குள் தீயணைப்பு என்பது எரிபொருளைப் பிரிப்பதுதான். பத்துப் பேர் கொண்ட குழுவில் முன்னால் இருவர் கொடுவாளோடு வழி எடுக்க, அடுத்தவர் ப்ளோயரால் சருகைத் தீயின் பக்கமாகத் தள்ள, மூன்று நான்கு பேர் பச்சைத் தழைக்கொத்தாலோ ரப்பர் மட்டையாலோ சுடரை அடிக்க, இருவர் முதுகில் 16 லிட்டர் தெளிப்பானோடு பின்தொடர, ஒருவர் எதையும் செய்யாமல் சற்று உயரத்தில் நின்று தீயையும் காற்றையும் விலங்கையும் மட்டும் பார்க்க வேண்டும். ஆள் பற்றாத இடங்களில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கடைசி ஆள்தான். அதுதான் பெரும் தவறு. மட்டையை ஓங்கி அடித்தால் பொறி தெறித்துப் பின்னால் பற்றும். சுடரின் அடியில் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். உடுப்பு பருத்தி. நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீயின் தலைக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. ஏற்கெனவே எரிந்த இடம், சாலை, ஓடை என்று ஏதாவது ஒன்றில் தொடங்கி, பக்கவாட்டில் அணைத்துக்கொண்டே தலையை நோக்கிக் குறுக்கிவர வேண்டும். சரிவு ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 பாகைச் சரிவில் அது சமதளத்தைப்போல நான்கு மடங்கு. பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல்சரிவில் தீ கீழேயிருந்து வரும்போது மேலே ஓடித் தப்ப மனிதக் காலால் ஆகாது. பக்கவாட்டில் விலகுவது, பாறைத் திட்டுக்கோ எரிந்துபோன கருநிலத்துக்கோ போவது, இவைதான் வழி. நிற்கும் இடம் தீநாக்கின் உயரத்தைப்போல நான்கு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். குரங்கணிக்குப் பின்னர் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

எதிர்த்தீ என்பது கடைசி ஆயுதம். வரும் தீக்கு முன்னால் ஒரு கோட்டிலிருந்து நாமே தீ வைத்து, நடுவிலுள்ள எரிபொருளைத் தீர்த்துவிடுவது. பெருந்தீ அருகில் வரும்போது அது காற்றைத் தன்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு கிடைத்தபிறகு வைத்தால் எதிர்த்தீ அதை நோக்கி ஓடும். அவசரப்பட்டு முன்னதாக வைத்தால் இரண்டு தீயை அணைக்க வேண்டியிருக்கும். நடுவில் வேறு குழு வேலை செய்கிறதா என்று வாக்கிடாக்கியில் உறுதிசெய்யாமல் தீக்குச்சியைத் தொடவே கூடாது.

சுடர் அடங்கியதும் எல்லாரும் ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். மறுநாள் பிற்பகல் அதே இடத்தில் மறுபடி புகை. எரிந்த எல்லையிலிருந்து உள்ளே 20 மீட்டர் வரை புகையும் கட்டை, பொந்துமரம், சாணம், வேர்க்குழி எல்லாவற்றையும் கிளறி மண்போட்டு, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து முடிக்க வேண்டும். உள்ளே எரியும் பொந்துமரம் எச்சரிக்கையில்லாமல் சாயும். அதற்குக் கீழே நின்று வேலை செய்யக் கூடாது. முடித்த இடத்துக்கும் மறுநாள் நண்பகலில், காற்று எழும் நேரத்தில், இருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

ஹெலிகாப்டர் வாளியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே எரிந்தபோதும் விமானப்படை வந்தது. ஆள் ஏறமுடியாத செங்குத்துச் சரிவில் அது நிஜமாகவே உதவும். ஒரு நடையில் விழும் சில ஆயிரம் லிட்டர் சூட்டைத் தணித்துத் தீயின் வேகத்தை மட்டுப்படுத்தும். கீழே கோடு வெட்டும் குழு தயாராக இல்லாவிட்டால் அரைமணியில் உலர்ந்து மறுபடி பற்றிக்கொள்ளும்.

எரிந்த பிறகு

முதல் மழைக்குப்பின் எரிந்த இடத்தில் முந்திக்கொண்டு வருவது உண்ணிதான்; அதன் அடிக்கட்டை சாகாமல் துளிர்க்கும், விதையும் முளைக்கும். அதை வெட்டுவது பயனில்லை, ஒன்று நான்காகத் தழையும். இயந்திரத்தால் பெயர்த்தால் மண் புரண்டு, புதைந்த விதையெல்லாம் மேலே வரும். பலன் தரும் முறை: தரைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை மண்வெட்டியால் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. வேர்முடிச்சு வெயிலில் காய்ந்துவிடும். பூத்துக் காய்ப்பதற்கு முன் செய்ய வேண்டும். விட்டுப்போன நாற்றுகளை அடுத்த இரண்டு, மூன்று மழைக்காலங்களில் கையால் பிடுங்க வேண்டும். இந்தத் தொடர்வேலைக்குத்தான் திட்டங்களில் பணம் இருப்பதில்லை.

உண்ணி போன இடத்தில் புல் வரும். புல்லும் எரியும், உண்ணியைவிட வேகமாகவே எரியும். ஆனால் சில நிமிடத்தில் கடந்துபோகும், மரத்தின்மேல் ஏறாது, பத்துப் பேர் மட்டையோடு போய் நிறுத்தக்கூடிய தீ அது. கூடவே மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல். மேய்ந்து குட்டையான புல்லில் தீநாக்கும் குட்டை. உண்ணி எடுத்த ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தீ வரைபடத்தில் புல்வெளி என்று திருத்திக் குறித்து, அதன் ஓரத்துக்கான புல்வெட்டுச் செலவை அடுத்த நவம்பருக்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.